பிளேஆஃப் முடிந்த பிறகு அந்த அரை மணி நேரம்: யார் எங்கே நிற்பது?

கேட்டவர்: பூஸ்டர்_தொண்டர்

வணக்கம். டல்லாஸ் பக்கம் ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் அணியின் பூஸ்டர் கிளப்பில் (அணிக்கு உதவும் பெற்றோர் தொண்டர் குழு), 'ஆட்டம் முடிந்த பின்' பொறுப்பு என் தலையில் வந்திருக்கிறது. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இது ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்லை.

நவம்பர் நடுவில் பை-டிஸ்ட்ரிக்ட், அதாவது பிளேஆஃபின் முதல் சுற்று. இரண்டு பள்ளிக்கும் சொந்தமில்லாத பொது மைதானம். தோற்றால் அன்றோடு சீசன் முடிந்தது. பள்ளி அனுப்பிய தாளில் இந்த விஷயத்துக்கு ஒரே ஒரு வரிதான்: 'இரு தரப்பும் விளையாட்டு நாகரிகம் காக்க வேண்டும்.' எப்படிக் காப்பது என்று அதில் இல்லை.

வேண்டியது இதுதான். கை கொடுக்கும் வரிசையில் சண்டை வராமல் இருக்க என்ன ஏற்பாடு? ஸ்டாண்டிலிருந்து மாணவர்கள் மைதானத்துக்குள் குதிப்பதை எப்படித் தடுப்பது? நடுவர்கள் எதற்கெல்லாம் பொறுப்பு? தோற்ற பையனிடம் பெற்றோர் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது? அறிவுரை வேண்டாம், அது தாளிலேயே இருக்கிறது. எத்தனை ஆள், எந்த இடம், எந்த நிமிடம் என்று சொல்கிறவர்கள் சொல்லுங்கள்.

---

மஞ்சள்_கொடி

நடுவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வரிசைக்கு முன்னால் கடைசி இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். வரிசையில் வெடிக்கிற சண்டைக்குப் பெரும்பாலும் அங்கேதான் திரி கொளுத்தியிருப்பார்கள்.

முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தைக் கரைக்க மண்டி போடும். குவார்ட்டர்பேக் (தாக்கும் அணியை நடத்துபவன்) பந்தை வாங்கி முழங்காலைத் தரையில் வைத்தால் அந்த ஒரு முயற்சி அங்கேயே செத்தது, கடிகாரம் மட்டும் ஓடும். எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட் மிச்சமில்லை என்றால், ஃபர்ஸ்ட் டவுனில் (நான்கு முயற்சிகளில் முதலாவது) ஆரம்பித்து மூன்று தடவை மண்டி போட்டாலே ஏறக்குறைய இரண்டு நிமிடம் போய்விடும். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் 40 விநாடி பிளே கிளாக் (அடுத்த முயற்சியைத் தொடங்கக் கெடு) இருக்கிறதே. அந்த நேரத்தில் இரு பக்க லைன்மேன்களிடமும் (முன்வரிசையில் முட்டிக்கொள்பவர்கள்) நாங்கள் போய், 'மண்டிதான் போடப்போகிறார்கள், யாரும் பாயாதீர்கள்' என்று சொல்லிவிடுவோம். தொண்ணூறு சதம் கேட்டுக்கொள்வார்கள். மிச்சத்தில் ஒருத்தன், தோல்வி நெஞ்சை அடைக்க, பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் முழங்காலுக்குக் கீழே புகுந்து பாய்வான். நிமிர்ந்து நின்று, காலைத் தளர்த்தி வைத்திருக்கும் சென்டருக்கு முட்டி திருகிக்கொள்ளும். ஒரு தள்ளு, ஒரு வசவு, 15 யார்டு தண்டனைக் கொடி. நாற்பது விநாடி கழித்து இதே இரண்டு பேரைத்தான் 'போய்க் கை கொடு' என்று அனுப்புகிறோம்.

அதனால் கோச்சிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி மண்டிகளில் டிஃபென்ஸ் என்ன செய்யும்? 'எழுந்து நின்று கையைத் தொங்கவிடும்' என்று அவர் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

அடுத்தது எங்கள் அதிகாரம். ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரி பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். ஸ்கோர் முடிவு என்று அவர் அறிவித்த பிறகு கொடி விழாது. 15 யார்டை எங்கே அளந்து வைப்பது, ஆடத்தான் அடுத்த டவுன் இல்லையே. பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் என்எஃப்எச்எஸ் (ஹைஸ்கூல் விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு) விதிப்புத்தகத்திலும் சரி, டெக்சாஸ் பின்பற்றும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) விதியிலும் சரி, இதில் வேறுபாடு இல்லை. அதன்பின் நடப்பது எல்லாம் பள்ளி நிர்வாகத்தின் பாடு, பெரிதாகப் போனால் டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் அமைப்பின் பாடு. நடுவர்கள் வரிசைக்குக் காவல் நிற்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அங்கே நின்றால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். நேராக உடைமாற்றும் அறைக்குப் போவதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

கென்டக்கியில் 2013 அக்டோபரில் இது பெரிய செய்தியானது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஆட்டத்துக்குப் பிந்தைய கை குலுக்கலில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட கைகலப்புகள் நடந்திருந்தன. மாநில விளையாட்டுச் சங்கம் ஓர் உத்தரவு அனுப்பியது. 'கை குலுக்கத் தடை' என்று செய்தி பரவ, தடையெல்லாம் இல்லை என்று சங்கம் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. உள்ளபடி அதில் இருந்தது இவ்வளவுதான்: இந்தச் சடங்கை நடத்த வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை, நடத்துகிற பள்ளிகள் மேற்பார்வைக்குப் பொறுப்பு, நடுவர்களுக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் கோச்சிடம் இதையும் சொல்லலாம். ஆட்டம் மிகவும் சூடாக முடிந்தால் கேப்டன்கள் நான்கு பேரும் கோச்சுகளும் மட்டும் நடுவில் கை கொடுத்துவிட்டுப் பிரிவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

உங்கள் தொண்டர்களில் இரண்டு பேரை எங்களுக்கு ஒதுக்குங்கள். மைதானத்தின் எந்த மூலை வழியாக நடுவர்கள் வெளியேறுகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே காவலரிடம் கேட்டு, அந்த வழியில் பெற்றோர் கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கார் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்து 'அந்த ஹோல்டிங் ஃபவுல் எப்படி சார்?' என்று கேட்பவர்கள்தான் எங்கள் தலைவலி. 2018-19-க்குப் பிறகு ஏறக்குறைய 50,000 ஹைஸ்கூல் நடுவர்கள் வேலையை விட்டுப் போனதாக என்எஃப்எச்எஸ் சொன்னது. அதற்குக் காரணமாகப் பெற்றோர், ரசிகர்களின் நடத்தையையும் சேர்த்தே சொன்னது.

விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. 2020 டிசம்பரில், டெக்சாஸின் தென்கோடியில் எடின்பர்க் பள்ளி ஆட்டத்தை வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட ஒரு வீரர் திரும்ப ஓடிவந்து ரெஃப்ரியை இடித்து வீழ்த்தினார். மறுநாளே பள்ளி மாவட்டம் அணியைப் பிளேஆஃபிலிருந்து விலக்கிக்கொண்டது. ஜெயித்த அணி வீட்டில் உட்கார்ந்தது.

---

ஸ்கவுட்_டீம்

கை கொடுக்கும் வரிசை பற்றி நான். ஹைஸ்கூலில் உதவி கோச் வேலை.

எல்லாப் பள்ளியும் செய்யும் தவறு: கோச்சுகள் அத்தனை பேரும் வரிசையின் தலையில் நிற்பார்கள். எதிரணி ஹெட் கோச்சோடு பேச வேண்டும் அல்லவா. வால் பகுதியில் நிற்பது யார்? ஒரு ஸ்னாப் (ஒரு முயற்சி) கூட ஆடாத பையன்கள், ஜேவி-யிலிருந்து (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) பிளேஆஃபுக்காக மேலே ஏற்றப்பட்டவர்கள். நாலு குவார்ட்டர் முட்டி மோதியவனுக்குப் பேசத் தெம்பு இருக்காது. இவன் சைட்லைனில் குளிரில் நின்று தொண்டையை மட்டும் பழக்கியிருப்பான். வம்பு வாலில்தான் ஆரம்பிக்கும். ஆகவே இரண்டு கோச் வாலில், ஒருவர் நடுவில், மற்றவர்கள் தலையில். உங்கள் அணியில் உதவி கோச் குறைவு என்றால் நாற்பதாவது பையனுக்குப் பக்கத்தில் ஒரு அசிஸ்டென்ட் பிரின்சிபலை நடக்கச் சொல்லுங்கள். பெற்றோர் யாரும் வரிசைக்குள் வரவே கூடாது, புகைப்படம் எடுக்கிறேன் என்றாலும்.

இடம்: 50 யார்டு கோட்டின் மேலேயே, நட்டநடு மைதானத்தில். சைட்லைன் ஓரமாக வரிசை நீண்டால் ஸ்டாண்டிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லும் காதில் ஏறும். ஒவ்வொருத்தனும் இடது பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும், நம்ம ஊர் ரோடு மாதிரி. அப்போதுதான் எதிரணி வலது கைப்பக்கம் வரும். அமெரிக்கப் பையன்களுக்குக் கால் தானாக வலது பக்கம் போகும், பிறகு கை குறுக்கே நீட்டி, தோள் இடித்து, 'ஏன் இடித்தாய்?' என்று ஆரம்பம். வியாழக்கிழமை பயிற்சி முடிவில் இரண்டு நிமிடம் ஒத்திகை பார்த்தால் சரியாகிவிடும். சொன்னால் சிரிப்பார்கள். செய்து பாருங்கள்.

கை இடுப்பு உயரத்தில், விரித்த உள்ளங்கையால் ஒரு தட்டல். முகத்துக்கு நேரே கையைத் தூக்கி 'ஹை ஃபைவ்' கிடையாது, அது கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்ளும் குசும்புக்கு வசதி. பக்கத்துக்கு 60 பேர் என்றால் நிற்காமல் நடந்தால் இரண்டரை, மூன்று நிமிடத்தில் முடியும். கட்டிப்பிடிப்பது, பழைய நண்பனிடம் கதை பேசுவது எல்லாம் வரிசை முடிந்த பிறகு. ஒருத்தன் நின்றால் பின்னால் பத்துப் பேர் குவிகிறார்கள், குவிந்த இடத்தில் உரசல்.

நேரம்: கடைசி விசிலிலிருந்து அறுபது விநாடிக்குள் வரிசை நகர ஆரம்பிக்க வேண்டும். ஜெயித்த அணி முதலில் மாணவர் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்க் குதித்துவிட்டு வந்தால், தோற்ற அணி நடுவில் மூன்று நிமிடம் காத்து நிற்கும். அந்த மூன்று நிமிடத்தில் வருவதெல்லாம் கெட்ட யோசனை. முதலில் கை, அப்புறம் குதி. பையன்களிடம் இதை இந்த நான்கு சொல்லில்தான் சொல்கிறோம்.

கொதிப்பில் இருப்பவனைக் கோச்சுகளுக்குத் தெரியும். நாலாவது குவார்ட்டரில் கொடி வாங்கியவன், எதிரணிக் கார்னர்பேக்கோடு இரவு முழுக்க வாய்ச்சண்டை போட்ட ரிசீவர். அவனை 'டிரெய்னர் உன் தோளைப் பார்க்கணுமாம்' என்று அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். உண்மையிலேயே அடிபட்டவர்கள், ஊன்றுகோலில் நிற்பவர்கள் வரிசையின் தலையில், டிரெய்னரோடு. இவர்களை நடுவில் விட்டால் அடிபட்ட தோளிலேயே யாராவது தட்டுவான்.

பெரிய கொடிகள் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். டச்டவுனுக்குப் பள்ளியின் பெயரெழுத்துக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் கம்பங்களை நாலாவது குவார்ட்டரில் இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே சுருட்டி, பட்டை போட்டுக் கட்டி, சியர்லீடர் வேனில் ஏற்றிவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்ற பிறகு நடு மைதான லோகோ மேல் கொடி நடப் போய், கைகலப்பாகி, போலீஸ் மிளகுத் தெளிப்பானை எடுத்தது. இரு அணியும் ஆடும் பிக் டென் லீக் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 100,000 டாலர் அபராதம் போட்டது. கல்லூரி ஆட்டம்தான், ஆனால் அந்த வீடியோவைப் பார்க்காத ஹைஸ்கூல் பையன் கிடையாது. கையில் கம்பம் இருந்தால் நடத் தோன்றும்.

வரிசை முடிந்ததும் ஒரு அணி வடக்கு எண்ட் ஜோன் (மைதானத்தின் கோடிப் பகுதி), இன்னொன்று தெற்கு. அங்கே கோச் மண்டியிட்ட பையன்கள் நடுவே பேசுவார். அந்தப் பேச்சு முடிந்து எல்லாரும் கை கோத்து ஒரே குரலில் கத்திக் கலையும் வரை பெற்றோர் யாரும் பக்கத்தில் போக வேண்டாம். எண்ட் ஜோனுக்கு வெளியே, டிராக்கில் நில்லுங்கள். தோற்ற இரவில் சீனியர்கள் (கடைசி வருஷ மாணவர்கள்) அழுவார்கள். அதை ஐபோனில் பிடிக்கிற அப்பாக்களைத் தடுக்க ஒரு தொண்டர் தனியாக வேண்டும், சிரிக்காதீர்கள்.

---

டிரம்லைன்_அம்மா

ஸ்டாண்ட் பக்கம் நான் சொல்கிறேன், தம்பி.

வேலியை நம்பாதீர்கள். முன்வரிசையில் உடம்பெல்லாம் சாயம் பூசி நிற்கிற சீனியர்களுக்கு இடுப்பளவு கம்பிவேலி ஒரு பொருட்டே இல்லை. குதிப்பதில் கணுக்கால் திருகுவதும், வேலி முனையில் கை கிழிவதும்தான் வழக்கமான காயம். முதல் பத்துப் பேர் குதிக்கவில்லை என்றால் மற்ற முந்நூறு பேரும் குதிக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பத்துப் பேரைப் பிடியுங்கள். மாணவர் பகுதியில் கோஷத்தை ஆரம்பித்து வைப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். வாரத்தின் நடுவிலேயே அவர்களைக் கூப்பிட்டு, 'ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடத்தில் இந்தக் கேட்டை நாங்களே திறப்போம், நீங்கள்தான் முன்னால் நடந்து வர வேண்டும்' என்று வேலை கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பதைவிட 'ஐந்து நிமிடம் பொறு' நன்றாக எடுபடும். ஆனால் சொன்னபடி ஐந்தாவது நிமிடம் திறக்க வேண்டும். ஏழாகிவிட்டால் அடுத்த சுற்றில் உங்கள் பேச்சு எடுபடாது.

ஆள் கணக்கு: ஸ்டாண்டில் மைதானத்துக்கு இறங்கும் படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். நான்கு படி என்றால் எட்டு. சாய்வுப்பாதை இருந்தால் இன்னும் இரண்டு. பளிச்சென்ற வெஸ்ட் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ மாமா நிற்கிறார் என்று நினைத்து இடித்துக்கொண்டு போவார்கள். கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருக்கும்போதே போய் நின்றுவிடுங்கள். விசிலுக்குப் பிறகு படியை அடையவே முடியாது. தொண்டர்கள் தங்கள் பையன் ஆடுவதைக் கடைசி நான்கு நிமிடம் பார்க்க முடியாது. அதனால் சீனியர் பையன்களின் பெற்றோரை இந்த வேலைக்குப் போடாதீர்கள், ஜேவி பெற்றோரைப் போடுங்கள்.

பேண்டு பற்றி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பள்ளியும் தங்கள் பள்ளிப் பாட்டை வாசிக்கும், அணி தன் ஸ்டாண்டைப் பார்த்து நின்று கையை உயர்த்தும். இரண்டு பேண்டும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் கேட்கச் சகிக்காது. அதற்கு மேல், தோற்றவர்கள் பாட்டின் மேல் வெற்றி வாத்தியம் ஏறினால் அது வேண்டுமென்றே செய்ததாகத்தான் படும். ராணுவ, கடற்படைக் கல்லூரிகள் மோதும் ஆர்மி-நேவி ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: இரு அணிகளும் சேர்ந்து முதலில் தோற்ற பக்கத்தின் முன்னால் போய் அவர்கள் பாட்டுக்கு நிற்பார்கள், பிறகு ஜெயித்த பக்கம். 'இரண்டாவதாகப் பாடுவது' என்றாலே அங்கே ஜெயித்தது என்று பொருள். ஹைஸ்கூலில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். தோற்ற பள்ளி முதலில், அது முடியும் வரை மற்ற பேண்டு வாத்தியத்தை இறக்கி வைத்திருக்கும் என்று இரண்டு பேண்டு டைரக்டர்களும் இடைவேளையிலேயே பேசிவைத்தால் போதும். ஒரு நிமிடப் பாட்டு. எங்கள் டிரம்லைன் பிள்ளைகளுக்குத்தான் கை சும்மா இருக்காது, ஸ்டிக்கைப் பையில் போடச் சொல்ல வேண்டும்.

மைக் பிடித்திருக்கும் அறிவிப்பாளரிடம் ஒரு தாள் கொடுங்கள். இறுதி ஸ்கோர் ஒரு தடவை, இரண்டு பள்ளிக்கும் வாழ்த்து, கார் நிறுத்த வழி. அவ்வளவே. வரிசை நகரும்போது ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். 'ஸ்கோர்போர்டைப் பார்' என்று விரல் காட்டும் கோஷத்தை அறிவிப்பாளரின் குரலால் மூடலாம், அந்த நேரம் பார்த்துக் கார் நிறுத்தம் பற்றிப் பேச ஆரம்பித்தால் சரி.

---

பூஸ்டர்_தொண்டர்

மூவருக்கும் நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். மேலும் இரண்டு கேள்வி. ஒன்று, வரிசையில் ஹெல்மெட் தலையிலா கையிலா? எங்கள் கோச்சுகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. இரண்டு, ஆட்டம் முடிந்ததும் நடுவில் இரு அணிப் பையன்களும் வட்டமாக மண்டியிட்டு ஜெபம் செய்வது வழக்கம். நம் பிள்ளைகள், வேறு மதத்துப் பிள்ளைகள் எல்லாம் அணியில் இருக்கிறார்கள். போகாவிட்டால் மரியாதைக் குறைவா?

---

மஞ்சள்_கொடி

கழற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஹெல்மெட்டுக்குள் எல்லாரும் ஒரே முகம், வெறும் எண்தான். முகம் தெரிந்தால் எதிரில் வருபவன் பதினேழு வயசுப் பையன், அவனும் அழுகிறான் என்று தெரியும். வாய் தானே அடங்கும்.

---

ஸ்கவுட்_டீம்

@மஞ்சள்_கொடி சார், முகம் தெரிவது சரி. கழற்றிய ஹெல்மெட் எங்கே போகிறது? ஏறக்குறைய இரண்டு கிலோ, முகக்கம்பியில் விரல் மாட்டிப் பிடித்தால் சுழற்றுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். 2019 நவம்பரில் கிளீவ்லாந்து-பிட்ஸ்பர்க் என்எஃப்எல் ஆட்டத்தில், கடைசி எட்டு விநாடி இருக்கும்போது எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்ததை எல்லாரும் பார்த்தோம்.

சமாதான வழி ஒன்று இருக்கிறது. கழற்று, ஆனால் கவிழ்த்துப் பிடி: வாய்ப்பக்கம் மேலே பார்த்தபடி இடது அக்குளில் இடுக்கு. கையுறை, மவுத்கார்டு எல்லாம் அதற்குள்ளே. அக்குளில் இடுக்கியதை எடுத்துச் சுழற்ற இரண்டு விநாடி ஆகும், அந்த இரண்டு விநாடி கோச்சுக்குப் போதும். உள்ளே இருப்பது கொட்டிவிடும் என்று பையனும் பத்திரமாகப் பிடிப்பான். ஆட்டத்தில் கொடிகள் நிறைய விழுந்திருந்தால் நான் தலையிலேயே விடச் சொல்வேன், அதில் மாற்றமில்லை.

---

ஓரக்கோடு

ஜெப வட்டம் பற்றி. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் பள்ளியில் ஒரு உதவி கோச் ஆட்டம் முடிந்ததும் 50 யார்டு கோட்டில் மண்டியிட்டு ஜெபிப்பார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஜூன் 27 அன்று 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பானது: அவர் தனிப்பட்ட முறையில் ஜெபிப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் 'எல்லாரும் வா' என்று கோச் மாணவர்களைக் கட்டாயப்படுத்த இந்தத் தீர்ப்பு வழி விடவில்லை. பையன்கள் தாங்களாகச் சேர்ந்து ஜெபிப்பது அவர்கள் உரிமை, விலகி நிற்பது உங்கள் பையன் உரிமை.

நடைமுறையில் இது வரிசை முடிந்த பிறகுதான் நடக்கும். சேர விரும்பாதவன் ஹெல்மெட்டைக் கழற்றி, பத்து யார்டு தள்ளி, பேசாமல் ஒரு நிமிடம் நின்றால் போதும். யாரும் தப்பாக எடுப்பதில்லை. தப்பாகத் தெரிவது இரண்டுதான்: அந்த நேரத்தில் சத்தமாகச் சிரித்துப் பேசுவது, வட்டத்தைக் கிழித்துக்கொண்டு குறுக்கே நடப்பது. சேர்ந்து மண்டியிட்டுத் தன் சாமியை நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு, அதுவும் சரிதான். எது என்று பையனே முடிவு செய்யட்டும், ஆட்டத்துக்கு முன்னாலேயே.

பெற்றோர் பேச்சைப் பற்றி யாரும் தொடவில்லை. நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு. 'பரவாயில்ல விடுடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.' சீனியர் பையனுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. நாட்டில் பெரும்பாலான சீனியர்களுக்கு வாழ்க்கையிலேயே பேட் கட்டி ஆடும் கடைசி ஆட்டம் அதுதான். ஜிம்மில் கூடைப்பந்து வயதான பிறகும் ஆடலாம், இதை ஆட முடியாது. இரண்டாவது, 'சரி, இனிமேலாவது படிப்பப் பாரு.' அந்த இரவில் இதைவிட மோசமான வாக்கியம் இருக்க முடியாது. பதிலுக்கு, 'பசிக்குதா?' என்று கேளுங்கள், அது எந்த மொழியிலும் நல்ல கேள்வி. கோச் ஏன் அவனை இறக்கவில்லை, நடுவர் ஏன் கொடி வீசவில்லை என்கிற ஆராய்ச்சி காரில் வேண்டாம். கோச்சிடம் ஆடும் நேரம் பற்றிப் பேச வேண்டியிருந்தால் 24 மணி நேரம் பொறுப்பது பல அணிகளில் எழுதி வைத்த விதி.

எதிரணிப் பெற்றோரிடம் 'வெல் பிளேடு' போதும். 'ரொம்ப நெருக்கமா வந்துட்டீங்க' என்று ஜெயித்தவர் சொல்வது பாராட்டு இல்லை.

ஃபோன்: உடைமாற்றும் அறையில் லைவ் வேண்டாம் என்று கேப்டன்கள் வாயால் சொல்லவைப்பதே பலன் தரும். அங்கே எதிரணியைக் கிண்டல் செய்யும் இருபது விநாடி வீடியோ அடுத்த சுற்று எதிரணியின் சுவரில் ஒட்டப்படும், பையனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிக் கோச்சின் கைக்கும் போகும். பெற்றோருக்கு என்எஃப்எச்எஸ் லேர்ன் தளத்தில் 'தி பேரண்ட் சீட்' என்று ஓர் இலவசப் பாடம் இருக்கிறது. பூஸ்டர் கூட்டத்தில் பெரிய திரையில் ஓட்டலாம்.

---

டிரம்லைன்_அம்மா

தம்பி, இன்னும் இரண்டு விட்டுப்போச்சு. பொது மைதானம் என்றீர்கள், பஸ்கள் எங்கே நிற்கும் என்று பாருங்கள். இரண்டு பள்ளிப் பஸ்ஸும் ஒரே வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மைதானத்தில் செய்த ஏற்பாடெல்லாம் கார் நிறுத்தத்தில் வீணாகும். ஆளுக்கு ஒரு வாசல். அது முடியாவிட்டால் தோற்ற பஸ் முதலில் கிளம்பட்டும், ஜெயித்தவர்கள் எப்படியும் புகைப்படத்துக்கு நிற்பார்கள். சாப்பாட்டுப் பெட்டியைப் பஸ் படியிலேயே கையில் கொடுத்துவிடுங்கள், மேஜை போட்டு விரித்தால் இருபது நிமிடம் தாமதம்.

அடுத்தது விளக்கு. தோற்ற சீனியர்கள் புல்லை விட்டு எழ மாட்டார்கள். வாடகை மைதானத்து ஆட்கள் நேரமானதும் சுவிட்சை அணைப்பார்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு என்றால் ஒரு தடவை அணைத்தால் ஆறித் திரும்ப எரிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அதுவரை கும்மிருட்டில் நூறு பேர். எல்இடி என்றால் கவலையில்லை. எந்த வகை, எத்தனை மணி வரை என்று மைதான மேலாளரிடம் இப்போதே கேட்டு, கூடுதலாக 45 நிமிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பூஸ்டர்_தொண்டர்

விசாரித்தேன் அக்கா. மெட்டல் ஹாலைடுதானாம். ஆட்டம் முடிந்து 30 நிமிடம்தான் ஒப்பந்தத்தில் இருக்கிறது, 45-க்கு மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஜேவி பெற்றோரில் பத்துப் பேர் வெஸ்ட் போட ஒத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை ஒத்திகையில் இடது பக்க நடையும் உண்டு.